நிவேதனா வாய் மூடிய காலைகள்

தன் நாக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்னொருவரின் நாக்கால் ஒரு கரண்டிக் கஞ்சியைச் சுவைத்துப் பார்க்க ஒரு மனிதரால் முடியுமா? நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் குகதாசன் இப்படி ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்டவரல்லர். கேட்டிருந்தால் அடுத்த தோட்டத்து மார்க்கண்டு ஒரு கிழமை, ஏழு நாளும், சிரித்திருப்பார். ஆனால் தமது நாற்பத்தோராவது வயதில், ஏறக்குறைய இரண்டு மாதம், ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு அவர் அந்தக் கேள்விக்கு முன்னால்தான் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். கேள்விக்கு அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. பெயர் நிவேதனா.

குகதாசனைப் பற்றி ஊரில் பேசிக்கொள்ள அதிகம் இல்லை. படிப்பு பாதியில் நின்றது. வெளிநாடு போகவில்லை. கோயில் நிர்வாகத்தில் இல்லை. செம்மண்ணில் கதலியும் இதரையுமாக எண்ணூறு வாழை, ஒரு கிணறு, ஒரு புகைக்குழி. அந்தக் குழிதான் அவருக்கு ஒரு பெயரைத் தேடிக் கொடுத்தது.

சந்தைக்குப் போகும் குலையை மரத்தில் பழுக்க விடுவதில்லை; விட்டால் அது வௌவாலுக்கும் அணிலுக்கும்தான். முற்றியதும் காயாக வெட்டி, சருகு விரித்த குழிக்குள் அடுக்கி, மேலே இலையும் மண்ணும் போட்டு மூடி, ஒரு துவாரத்தால் தேங்காய் மட்டைப் பொச்சுப் புகையை உள்ளே ஊதிவிட வேண்டும். எவ்வளவு புகை, எத்தனை மணி நேரம் என்பதை அவரவர் மூக்குத்தான் சொல்லும். குகதாசனின் மூக்கு பிசகியதில்லை. மூடிய மண்ணுக்கு மேலே குனிந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "கதலி சரி. இதரை இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்" என்பார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். பதினேழு வயதிலிருந்து இதுதான் வேலை. பக்கத்துத் தோட்டக்காரரும் தங்கள் குலைகளை அவருடைய குழிக்கே கொண்டுவந்தார்கள்.

தை மாதத்து விடியலில் அந்தத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பனியும் புகையும் கலந்து இடுப்பளவு உயரத்தில் அசையாமல் நிற்கும். அதற்குள் நடக்கும் குகதாசனுக்குக் கால்கள் இருக்காது. தலையும் தோளும் மட்டும் வாழைகளுக்கு இடையே மிதந்து போகும். கிணற்றுக்கட்டு மிதக்கும். வீட்டின் விளக்கு மிதக்கும். இந்த உலகம் இன்னும் முடிவு செய்யப்படவில்லை, வேண்டுமானால் வேறு மாதிரியும் ஆக்கிக்கொள்ளலாம் என்பது போல இருக்கும். அவருக்கு அப்படி ஒன்றும் தோன்றியிருக்காது. அவர் குலை எண்ணிக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டு வயதில் வினோஜாவைக் கலியாணம் செய்தார். வினோஜா பட்டம் பெற்று எட்டு வருடம் காத்திருந்து ஆசிரியை நியமனம் பெற்றவர். பாடசாலை கொடிகாமத்தில். புத்தூர்ச் சந்தியில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். நிவேதனாவுக்கு ஆறு மாதமும் சில கிழமைகளும் ஆனபோது பிரசவ லீவு முடிந்தது. அதற்குள் கோயிலில் முதல் சோறு ஊட்டித் தீத்தியாயிற்று. வீட்டில் ஓட்ஸும் தொடங்கியாயிற்று.

ஓட்ஸ் வினோஜாவின் யோசனை. ஊர் மருத்துவமாது பத்மாசினியும் அதற்குத் தலையாட்டினார். ஓட்ஸை வெறும் தாச்சியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவிட்டு, மாவாக அரைத்துப் போத்தலில் போட்டு வைப்பது. காலையில் இரண்டு தேக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் துழாவிக்கொண்டே காய்ச்சுவது. கரண்டியைச் சரித்தால் ஓடி விழக்கூடாது. தயங்கித் தயங்கி விழ வேண்டும். இறக்கி, கைச்சூட்டுக்கு ஆறியதும், எடுத்து வைத்த தாய்ப்பாலில் கொஞ்சம் விட்டுக் கலப்பது. பிறகு நன்றாக மசித்த வாழைப்பழம், அல்லது அவித்த பூசணி. உப்பு இல்லை. சீனி இல்லை. ஒரு வயது வரை தேனும் இல்லை.

வினோஜா தீத்திய மூன்று கிழமையும் பிள்ளை மீன்குஞ்சு போல வாயைத் திறந்தது. தைப்பொங்கல் கழிந்து வந்த முதல் திங்கட்கிழமை, வினோஜா ஆறே காலுக்குப் பஸ் ஏறினார். குழி வேலையை முடித்து, கிணற்றில் குளித்து, குகதாசன் அடுப்படிக்கு வந்தார். எல்லாம் சொன்னபடி செய்தார். தம்முடைய குழியிலிருந்து அன்று திறந்த கதலியில் ஆகத் திறமான பழத்தை எடுத்து மசித்தார். கரண்டியை நீட்டினார். நிவேதனா அவரைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். உதடுகளை உள்ளே மடித்து முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். அந்தக் கிழமை முழுவதும் அப்படித்தான்.

வேலிக்கு மேலால் மார்க்கண்டு விசாரித்தார். "என்ன தம்பி, குதிரைக்கு வைக்கிறதைப் பிள்ளைக்குக் குடுக்கிறியாம்?"

"ஓம் அண்ணை. அடுத்த வருசம் பந்தயத்துக்கு விடப்போறன்."

"ஓடுறதுக்கு முதல் தின்ன வேணுமே. தின்னுதோ?"

"இல்லை."

மார்க்கண்டு சிரிப்பை நிறுத்தினார். "தாயைத் தேடுது போல. நாவூறும் இருக்கும். செத்தல் மிளகாயைச் சுத்திப் போடன்."

மிளகாய் சுற்றிப் போட்டார்கள். நெருப்பில் அது கமறியது. நிவேதனா தும்மினாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

குகதாசன் ஒவ்வொரு நாளும் அந்தக் கஞ்சியைத் தாமே ருசி பார்த்தார். உப்பில்லை, உறைப்பில்லை, புளிப்பில்லை. தமது நாக்கில் எதுவுமே எழுதாமல் போகும் ஒன்றை இந்தப் பிள்ளை ஏன் விரும்ப வேண்டும் என்று யோசித்தார். தவறு அங்கேதான் தொடங்கியது. ஒரு நாள் சீனி போடப் போனார், போடவில்லை. ஒரு நாள் பழத்தைக் கூட்டினார். அடுத்த நாள் தண்ணீரைக் கூட்டினார். நல்ல தகப்பன் என்ற பட்டத்தை அவருக்கு அவசரப்பட்டுக் கொடுக்கவும் வேண்டியதில்லை. சந்தைக்குப் போகும் லொறி வாசல் படலையில் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்ற ஒரு காலையில், அவர் பிள்ளையின் கன்னங்களை இரண்டு விரலால் அமுக்கி, திறந்த வாய்க்குள் கரண்டியை வைத்தார். பிள்ளைக்கு ஓங்காளித்தது. அழவில்லை. அழாமல், தண்ணீர் நிறைந்த கண்களால் அவரை நெடுநேரம் பார்த்தது. அன்று லொறி குலை இல்லாமல் போயிற்று. அதன்பிறகு அவர் அப்படிச் செய்யவில்லை.

விநோதமான விடயம், பிள்ளைக்கு அவரில் கோபம் இல்லை. பகல் முழுவதும் அவருடைய தோளில்தான் கிடந்தது. அவருடைய தடித்த மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. ஏணைத் தொட்டிலுக்குள் தூக்கக் கலக்கத்தில், எடுத்து வைத்த தாய்ப்பாலும் கொஞ்சம் குடித்தது. கரண்டியோடு அந்தக் கை வந்தால் மட்டும் வாய் மூடிக்கொண்டது. இரண்டரைக்கு வினோஜா வந்து சேலை மாற்றுவதற்குள் அடித்துப் பிடித்துத் தாயிடம் பசியாறியது.

மாசி மாதக் கிளினிக்கில் நிறை நூறு கிராம் குறைந்திருந்தது. பத்மாசினி வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, பழைய புள்ளியோடு கோடு இழுத்தார். கோடு கீழே சரிந்தது.

"ஆறு கிலோ அறுநூறு. இன்னும் ஒரு மாதம் பாப்பம். ஏறாட்டி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாறன், பெரிய டொக்டர் பாக்கட்டும். காலமை என்ன குடுக்கிறியள்?"

"ஓட்ஸ் மிஸ்."

"ஆர் தீத்துறது?"

"நான்தான்."

"கட்டாயப்படுத்தாதேங்கோ. வாயை மூடினா விடுங்கோ. அதுக்குத்தான் தன்ரை வயிறு தெரியும்."

வீடு வந்து சேர்ந்தார்கள். படலையைத் திறக்கும்போது வினோஜா சொன்னார். "அடுத்த கிளினிக்கிலையும் ஏறேல்லையெண்டால் நான் வேலையை எழுதிக் குடுத்துட்டு நிக்கிறன்."

"எட்டு வருசம் காத்திருந்து எடுத்த வேலை, வினோ."

"அதுக்கு? பிள்ளை மெலியிறதைப் பாத்துக்கொண்டு நான் போய் அங்கை பின்னம் படிப்பிக்கிறதோ?"

 வினோஜா கோபத்தில் சொல்லவில்லை என்பது விளங்கியதால்தான் அவருக்குப் பயம் வந்தது.

அதற்கு அடுத்த கிழமை, ஒருவரும் எதிர்பாராத நேரத்தில், ஒரு தாழமுக்கம் வந்தது. மூன்று நாள் விடாத மழை. பாடசாலைகள் மூடின. நான்காம் நாள் வெயில் வந்தது; வினோஜா வேலைக்குப் போனார். ஆனால் குழியில் நின்ற தண்ணீர் போகவில்லை. மண்ணுக்குக் கீழேயும் தண்ணீர். அது எங்கே போகும்? பத்து நாள் குழி ஒரு சிறு குளமாகக் கிடந்தது. தவளைகள் வந்தன. வானம் அதற்குள் இறங்கி நின்றது. புகை போட வழியில்லை, லொறி வரவில்லை, செய்ய வேலை இல்லை.

அந்தப் பத்து நாளும் ஒரே நாளின் நீட்சி போல் இருந்தன. தோட்டம் கழுவி வைத்த பச்சையாக நின்றது. இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தத்துக்குள் குகதாசன் ஓட்ஸ் துழாவினார். கரண்டி சட்டியின் அடியில் உரசும் சத்தம், சொட்டும் சத்தம், பிள்ளையின் மழலைச் சத்தம். இவற்றில் எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியவில்லை. குழிப்பழம் இல்லை. காற்றுக்குச் சாய்ந்த ஒரு கதலியில், மேல் சீப்பு மரத்திலேயே பழுத்திருந்தது. அதைப் பிய்த்து மசித்தார்.

பாடசாலை திறந்த மூன்றாம் காலை, அவர் கரண்டியைப் பிடித்தபடி, நீட்டவும் மறந்து, யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஏதோ பாரம் தெரிந்தது. திரும்பினார். நிவேதனா முன்னுக்குச் சரிந்து, தானே கரண்டியை வாய்க்குள் எடுத்திருந்தாள்.

அவர் மூச்சு விடவில்லை. இரண்டாவது கரண்டி. மூன்றாவது. எட்டுக் கரண்டி. ஒன்பதாவதுக்கு வாயை மூடினாள். அவர் உடனே கோப்பையைக் கீழே வைத்தார்.

மரப்பழம்தான் காரணம் என்று முடிவு கட்டினார். புகைப்பழம் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. நியாயமான முடிவு. தண்ணீர் நின்ற மிச்ச நாளெல்லாம் பிள்ளை சாப்பிட்டது. அவர் ஒரு குலையைச் சாக்கால் கட்டி, மரத்திலேயே பழுக்க விட்டார். குழி காய்ந்ததும் பழையபடி புகை மூட்டினார். மறுநாள் காலை, மரப்பழம் மசித்த ஓட்ஸோடு உட்கார்ந்தார்.

நிவேதனா வாயை மூடினாள்.

பூசணி போட்டார். மூடினாள். வெறும் ஓட்ஸ் கொடுத்தார். மூடினாள். கிளினிக்குக்கு இன்னும் பதின்மூன்று நாள்.

நான்காம் நாள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தோற்றுப்போனவர் போல ஒரு விரலை மட்டும் அவளிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்தாள். எதையும் வாய்க்குக் கொண்டுபோகிற வயது. விரலையும் கொண்டுபோனாள். மூக்குக்குக் கீழே வந்ததும் நின்றாள். ஒரு கணம் யோசிப்பது போல இருந்தாள். பிறகு, மிக மெதுவாக, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரலை மட்டும் விடவில்லை.

குகதாசன் தமது மற்றக் கையை முகத்துக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். மண்ணுக்குள் மூடிய குலையின் பதத்தை மேலே நின்று சொல்லும் மூக்கு அது. அதற்கு ஒன்றும் மணக்கவில்லை. சவர்க்காரம் கூட இல்லை. வெறும் கை.

அன்று பின்னேரம் வினோஜாவிடம் கேட்டார். "என்னிலை புகை மணக்குதோ?"

வினோஜா சிரித்துவிட்டார். "இதென்ன கேள்வி? கலியாணம் கட்டின நாள் தொடக்கம் மணக்குது. உங்கடை தலைக்குள்ளை, சேட்டுக்குள்ளை, உந்த மீசைக்குள்ளை. அதுதானே உங்கடை மணம். ஏன் கேக்கிறியள்?"

"சும்மா."

தேசிக்காய் தேய்த்தார். சாம்பல் தேய்த்தார். நகங்களை ஒட்ட வெட்டினார். அடுத்த காலை, இருபது வருட மீசையை எடுத்தார். அன்று ஒரு சிறு கலவரமே நடந்தது. பிள்ளை அந்தப் புது முகத்தைக் கண்டு வீரிட்டழுதது. மார்க்கண்டு வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஆரடாப்பா இது? குகனின்ரை வீட்டிலை ஆரோ வாடகைக்கு வந்திட்டினம்!" என்று கூவினார்.

"நேர்த்தி அண்ணை."

"எந்தக் கோயிலிலை மீசைக்கு நேர்த்தி?"

குகதாசன் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். பிள்ளை அன்றும் ஓட்ஸ் சாப்பிடவில்லை.

கிளினிக்குக்கு எட்டு நாள் இருக்கும்போது, அவர் வேலியடிக்குப் போய் நின்றார். "அண்ணை, உங்கடை காணிக் கடைசியிலை ஒரு குழி வெட்டுங்கோ. என்ரை குலையையும் நீங்களே போடுங்கோ."

"ஏனடா, உன்ரை குழிக்கு என்ன?"

"எனக்கு இடுப்பு ஏலாது."

"நாப்பத்தொரு வயதிலை இடுப்போ! எனக்கு அறுபத்திமூண்டு."

"அப்ப உங்களுக்குப் பழகியிருக்கும்."

மார்க்கண்டு திட்டிக்கொண்டே சம்மதித்தார். குகதாசன் குழியைத் தகரத்தால் மூடினார். புகை பிடித்த சேட்டுகளை எரித்தாரா, கொடுத்தாரா தெரியாது. கொடியில் அவை பிறகு காயவில்லை. விடியலில் எழுந்து, செய்ய ஒன்றும் இல்லாமல், கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பனி மட்டும் தனியாக நின்றது. அதற்குள் தோட்டம் வேறு யாருடையதோ போல இருந்தது.

நான்காம் நாள் காலை நிவேதனா வாயைத் திறந்தாள்.

இதற்கெல்லாம் காரணம் புகைதான் என்று நிறுவ முடியாது. மழை நாள்களில் புகை மட்டுமா இல்லாமல் இருந்தது? படலையில் லொறி இல்லை. அவர் மனம் குழியில் இல்லை. கரண்டி நீட்டிய கையில் அவசரம் இல்லை. பிள்ளை எதை மறுத்தது, எதை ஏற்றது என்பதைப் பிள்ளையாலும் இன்று சொல்ல முடியாது. தெரிந்தது ஒன்றுதான்: குழி எரிந்தபோது வாய் மூடியது, குழி அணைந்தபோது திறந்தது. குகதாசனுக்கு அது போதுமாக இருந்தது.

பங்குனிக் கிளினிக்கில் தராசின் முள்ளை அவர் பார்க்கவில்லை. பத்மாசினியின் முகத்தைப் பார்த்தார். ஆறு கிலோ எண்ணூற்றைம்பது. கோடு மேலே ஏறியது.

"என்ன செய்தனீங்கள்?" என்று பத்மாசினி கேட்டார்.

"கொஞ்சம் இறுக்கமாக் காய்ச்சினனான்."

"அதுதான் சொன்னனான், தண்ணியாக் குடுத்தா நிறை வராது எண்டு."

"ஓம் மிஸ்."

வினோஜா அன்று பின்னேரம் மாணவர் கொப்பிகளை எடுத்து வைத்துத் திருத்தத் தொடங்கினார். வேலையை விடுவது பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை. கணவருக்கு இடுப்பு நோ என்று அவரும் நம்பினார். சில இரவுகளில் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் விட்டார். நோகாத இடுப்பைக் காட்டிக்கொண்டு குகதாசன் குப்புறப் படுத்திருந்தார்.

இரண்டு வருடம் போயிற்று. நிவேதனாவுக்கு இப்போது மூன்று வயது கிட்டுகிறது. சம்பலோடு இடியப்பம் சாப்பிடுகிறாள். கருவாடு கேட்டு அழுகிறாள். பின்னேரங்களில் மார்க்கண்டின் குழியடிக்குப் போய், கன்னத்தில் கரியோடு, சுடச்சுடத் திறந்த புகைப்பழத்தை இரண்டு மூன்று என்று உரித்துத் தின்றுவிட்டு, புகை மணக்க மணக்க ஓடிவந்து தகப்பனின் மடியில் விழுகிறாள். அப்போது குகதாசன் முகத்தைக் கொஞ்சம் உயர்த்துவதைக் காணலாம். குழி எரிந்த காலத்தில் மணக்காத புகை இப்போது அவருக்கு மணக்கிறது.

சென்ற மாதம் மார்க்கண்டு வேலியடியில் வந்து நின்றார். "தம்பி, இப்ப உண்மையிலை எனக்குத்தான் இடுப்பு ஏலாது. நீ கல்லுப் போலை நிக்கிறாய். உன்ரை குழி சும்மா கிடக்கு. பழையபடி மூட்டன். நான் போடுற பழம் உன்ரை பதத்துக்கு வராது, சந்தையிலை சனம் மூஞ்சைக்கு நேரை சொல்லுது."

குகதாசன் "ம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அவர் தகரத்தைத் தூக்கி எடுத்தார். மூட்டப் போகிறார் என்று மார்க்கண்டு ஒரு கட்டுப் பொச்சு கொண்டுவந்து போட்டார். குகதாசன் மண்வெட்டியை எடுத்து, பக்கத்தில் கிடந்த செம்மண்ணை இழுத்து, குழியை விளிம்பு வரை நிரப்பினார். மிதித்து இறுக்கினார். நடுவில் ஒரு இதரைக் குட்டியை நட்டுத் தண்ணீர் விட்டார். மார்க்கண்டின் பொச்சுக்கட்டைத் தாமே தோளில் தூக்கிப்போய் அவருடைய காணியில் வைத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு வெளிக்கிட்டு நின்ற வினோஜா, மகளுக்கு ஓட்ஸ் துழாவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டார். "இடுப்பும் சுகமாயிட்டுது. பிறகேன் குழியை மூடினனீங்கள்?"

குகதாசன் கரண்டியைச் சரித்து, கஞ்சி விழுகிற விதத்தைப் பார்த்தார். அடுப்பைக் குறைத்தார்.

"பஸ் வரப்போகுது, வினோ" என்றார்.